பத்துப் புத்தகங்களும் ஒரு கூறு நெத்திலியும்

ஜனவரியில் புத்தகக் காட்சி நெருங்கினால் பத்திரிகைகளுக்கு எழுத்தாளர்கள்மேல் திடீரென்று பாசம் வந்துவிடும். 'என்னைப் பாதித்த பத்துப் புத்தகங்கள்' என்று ஒரு பக்கம் ஒதுக்கி, தலைப்பு, பதிப்பகம், விலை என்று கட்டம் போட்டு அனுப்புவார்கள். நிரப்பித் தர வேண்டும். முப்பது வருடமாக நகைச்சுவைப் பத்தி எழுதிக்கொண்டிருக்கிறவன் என்பதால் எனக்கு வரும் தாளில் மட்டும் ஒரு வரி கூடுதலாக இருக்கும்: "கொஞ்சம் ஜாலியா இருக்கட்டும் சார்." போன வருடமும் வந்தது. மந்தைவெளி வீட்டில் உட்கார்ந்து கால் மணி நேரத்தில் ஒன்பது பெயர் எழுதிவிட்டேன். பத்தாவது வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு மீன் வாங்க நொச்சிக்குப்பம் போனேன்.

நகைச்சுவை எழுதுகிறவன், அதுவும் மயிலாப்பூர்ப் பக்கம் குடியிருக்கிறவன், தயிர்சாதம்தான் சாப்பிடுவான் என்று வாசகர்களுக்கு ஒரு கணக்கு. என் பத்தியில் ஒரு முறை வஞ்சிரம் வறுவல் வந்துவிட்டதற்கு ஒருவர் வருத்தம் தெரிவித்து எழுதினார். எங்கள் வீட்டில் புதனும் ஞாயிறும் மீன். கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் பக்கமாகப் போகும் லூப் ரோட்டில் இடக்கைப் பக்கம் கடல், வலக்கைப் பக்கம் குடிசை மாற்று வாரியத்தின் அடுக்கு வீடுகள். நடுவில் சாலையோரமாகப் பலகை போட்டு, குடை விரித்துப் பெண்கள் மீன் விற்பார்கள். நான் முதன்முதலாகப் போன நாளிலிருந்து வெகுகாலம் அப்படித்தான் இருந்தது.

இருபது வருடம் இருக்கும். அங்கே ஒரு அம்மாவிடம் நெத்திலி கேட்டேன். ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, படித்தவன் கேட்கும் கேள்வியைக் கேட்டேன்: "இன்னைக்குப் பிடிச்சதுதானாம்மா?"

அவர் அரிவாள்மனையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "செத்துட்டோம்னே அதுக்கு இன்னும் தெரியாது சார். நீ போய் சொல்லிடாத."

அடுத்த வாரமே அந்த வாக்கியம் என் பத்தியில் அச்சாகிவிட்டது. கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் ஒரு மாமா, கத்தரிக்காயைக் கையில் தூக்கிப் பார்த்து, பறித்துவிட்டார்கள் என்பதே இதற்கு இன்னும் தெரியாது என்பார். மீனைக் கத்தரிக்காயாக மாற்றியதுதான் நான் செய்த இலக்கியப் பணி. சன்மானம் முந்நூறு ரூபாய் வந்தது. 'அசல் வோட்ஹவுஸ்!' என்று ஒரு வாசகர் அஞ்சலட்டை எழுதியிருந்தார். அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஒன்பதில் முதலில் எழுதிய பெயரும் வோட்ஹவுஸ்தான். இதில் எனக்குத் தனிப் பெருமை ஒன்றும் இல்லை. என் தலைமுறையில் சென்னையில் நகைச்சுவை எழுத வந்தவனுக்கு அது கோத்திரம் சொல்வதைப் போல. லெண்டிங் லைப்ரரியில் அட்டை பிய்ந்து, பக்க ஓரத்தில் யாரோ காப்பி சிந்தி, கடைசித் தாள் இல்லாமல்தான் அவர் எங்களுக்குக் கிடைத்தார். லஸ் முனை ஆழ்வார் கடையில் நடைபாதையிலேயே குந்திப் படித்ததும் உண்டு. லண்டனில் ஹாங்காங் ஷாங்காய் வங்கியில் இரண்டு வருடம் குமாஸ்தாவாக இருந்து, வேலை ஒட்டாமல் எழுத வந்தவர். அவர் எழுதிய பிரபுக்களின் மாளிகையையோ அவர்கள் பரிசுக்கு வளர்க்கும் பன்றியையோ நாங்கள் கண்டதில்லை. ஆனால் அதட்டும் அத்தையைக் கண்டிருக்கிறோம். எஜமானனைவிட விவரம் தெரிந்த சமையல்காரரையும் கண்டிருக்கிறோம். கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவனுக்கு அவர் கதாநாயகன் பெர்ட்டி வூஸ்டரின் சங்கடத்துக்கு உரை வேண்டாம்.

அதற்கடுத்து டிக்கன்ஸின் 'பிக்விக்'. பிறகு எஸ்.வி.வி. திருவண்ணாமலையில் வக்கீல். ஆங்கிலத்தில் வேடிக்கையாக எழுதிப் பெயர் வாங்கியபின் தமிழுக்கு வந்தவர். வீட்டுக்குள் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதை அவர் அளவுக்குக் காது கொடுத்துக் கேட்டவர் குறைவு. அப்புறம் கல்கி, தேவன், புதுமைப்பித்தன், பாக்கியம் ராமசாமி, ஆர்.கே. நாராயணின் 'மை டேஸ்', கடைசியாகக் காளமேகத்தின் தனிப்பாடல்கள். இந்த ஒன்பதில் யாரையும் வெட்கப்பட்டு மறைக்க வேண்டியதில்லை. யாரையும் புதிதாகக் கண்டுபிடித்ததாகவும் சொல்லிக்கொள்ள முடியாது.

நாராயணைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 1906இல் புரசைவாக்கத்தில் பிறந்து பாட்டி வீட்டில் மயிலோடும் குரங்கோடும் வளர்ந்தவர், கல்லூரி நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்தில் தேறாமல் ஒரு வருடம் சும்மா உட்கார்ந்து படித்தார். அந்த நாளில் அவர் விழுந்து விழுந்து படித்தது நகைச்சுவை இல்லை. மேரி கொரெல்லி, மிஸஸ் ஹென்ரி வுட் என்று படிப்பவரைத் தேம்பவைக்கும் சரக்கு. 'ஈஸ்ட் லின்' நாவலுக்குக் கண்ணீர் விட்டிருக்கிறார். கண்ணீர் விட்டு வளர்ந்தவர் மால்குடியைப் புன்னகையோடு எழுதினார். சிரிக்கவைக்கிறவனின் அலமாரியில் சிரிப்புப் புத்தகங்கள்தான் இருக்கும் என்று எதிர்பார்ப்பது, மருந்துக் கடைக்காரர் ஆரோக்கியமாக இருப்பார் என்று எதிர்பார்ப்பதைப் போல.

தேவனுடைய துப்பறியும் சாம்புவுக்கு வருகிறேன். தொல்காப்பியம் மெய்ப்பாடு எட்டைச் சொல்லும்போது நகையைத்தான் முதலில் வைக்கிறது. அழுகை அதற்கு அடுத்ததுதான். சிரிப்பு எதிலிருந்து பிறக்கிறது என்றும் நான்கு சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். பேதைமை என்றால் அறியாமை. மடன் கொஞ்சம் நுட்பமானது. சொல்லிக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு, இடம் பொருள் பார்க்காமல் விடாதிருப்பது. சாம்பு பேதைமையின் பிள்ளை. தெரியாமலே கேஸைக் கண்டுபிடித்துவிடுகிறான். பெர்ட்டி வூஸ்டர் மடனின் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் கற்ற கனவான் ஒழுக்கத்தைப் பிடித்துக்கொண்டு, வேண்டாத பெண்ணுக்கெல்லாம் நிச்சயமாகிக்கொண்டே இருக்கிறான். இரண்டிலும் எழுத்தாளன் யாரையும் புண்படுத்தவில்லை. முட்டாள் எங்கள் வீட்டு முட்டாள். நாமும் அவனோடு வாழைத்தண்டுப் பொரியல் சாப்பிட்டிருக்கிறோம்.

முதலாவதாக வைத்த எள்ளல்தான் தொந்தரவு. உரையாசிரியர் பேராசிரியர் அதை இரண்டாகப் பிரிக்கிறார். தான் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று. பிறர் தன்னை எள்ளும்போது தான் சிரிப்பது இன்னொன்று. முதல் வகையை மேடையிலும் சினிமாவிலும் தாராளமாகச் செலவழித்தோம். அதற்குத் தோதாகக் கிடைத்தது மெட்ராஸ் பாஷை. கதாநாயகன் செந்தமிழ் பேசுவான், அவனுடன் வரும் காமெடியன் 'இன்னா நைனா' என்பான், கொட்டகை சிரிக்கும். அந்தச் சிரிப்பில் பாதி நகைச்சுவைக்கு, பாதி உச்சரிப்புக்கு. நானும் எழுதியிருக்கிறேன். ஆட்டோக்காரர், குழாயடிப் பெண்மணி, ரௌடி என்று யார் வந்தாலும் 'கஸ்மாலம்' என்று வாய் திறக்க வைத்துவிட்டால் போதும், ஒரு பத்தி ஓடிவிடும். கஸ்மாலம் வடமொழியிலிருந்து வந்த சொல். பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத் தொடக்கத்தில் கண்ணன் அர்ஜுனனின் மனத்தளர்ச்சியை இந்தச் சொல்லால்தான் கடிந்துகொள்கிறான். இது தெரிந்தபின் அந்தச் சொல்லைப் பத்தியில் போடுவதைக் குறைத்துக்கொண்டேன். குப்பத்தின் மேல் மரியாதை வந்துவிட்டதா, கீதைக்குப் பயந்துவிட்டேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

இந்தப் பாஷையைத் திரையில் நிலைநாட்டியவர்களில் ஒருவர் சந்திரபாபு. 1958இல் வந்த 'சபாஷ் மீனா'வில் ரிக்ஷாக்காரராக அவர் பேசியதை இன்றைக்கும் பேசிக் காட்டுகிறார்கள். அவர் சென்னைக்காரர் இல்லை. தூத்துக்குடியில் கடலோரப் பரதவர் குடும்பத்தில் பிறந்து, பனிமய மாதா கோயிலின் நினைவாகப் பனிமயதாஸ் என்று பெயர் வைக்கப்பட்ட பிள்ளை. ஒரு கரையில் பிறந்தவர் இன்னொரு கரையின் பேச்சை வாங்கிப் பேசினார். அவருடைய கல்லறை பட்டினப்பாக்கத்தை ஒட்டிய க்விபிள் ஐலண்டில் இருக்கிறது. நொச்சிக்குப்பத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

கிரேஸி மோகனைச் சொல்லாமல் இந்த வட்டாரத்து நகைச்சுவையைப் பேச முடியாது. கிண்டியில் பொறியியல் படித்து, கம்பெனி வேலை பார்த்து, நாடகத்துக்கு வந்தவர். 1976இல் அவர் எழுதிய நாடகத்தின் பெயரே 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்'. கடற்கரை ஊர் ஒன்று தலைப்பில் வந்து உட்கார்ந்துகொண்டது. அவரைப் பற்றிப் பேச்சு வந்தாலும் சட்டென்று வோட்ஹவுஸ் என்று சொல்லி முடித்துவிடுவது எங்கள் வழக்கம். எனக்கு அதில் சம்மதமில்லை. வோட்ஹவுஸின் சிரிப்பு உவமையிலும் கதைப் பின்னலிலும் இருக்கிறது. மோகனின் சிரிப்பு ஒரு சொல் இரண்டாக உடையும் இடத்தில் இருக்கிறது. அது சிலேடை. அவருடைய தாத்தா இங்கிலாந்தில் இல்லை, காளமேகத்தின் வழியில் இருக்கிறார். அவர் வெண்பா எழுதிப் பழகியவர், ரமண மகரிஷியின் வாழ்க்கையை வெண்பாவிலேயே பாடியவர் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் விளங்கும்.

அவரிடம் நான் பொறாமைப்படுவது வேறொரு விஷயத்துக்கு. கடனை ஒளித்துவைக்காதவர். பெண் வேடத்தில் ஔவையாராக நடித்துப் புகழ்பெற்ற டி.கே. சண்முகத்தின் நினைவு 'அவ்வை சண்முகி'யில் இருக்கிறது. பம்மல் சம்பந்த முதலியார் 'பம்மல் கே. சம்பந்தம்' படத்தின் பெயரிலேயே இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் தன்னை முதன்முதலாக மேடையேற்றிய ஜானகி டீச்சரின் பெயரைத் தன் கதாநாயகிகளுக்கு வைத்துக்கொண்டே போனார். கொட்டகையில் சிரித்த லட்சக்கணக்கானவர்களுக்கு அந்த டீச்சரைத் தெரியாது. அவருக்குத் தெரியும், அது போதும். நான் கத்தரிக்காய் என்று எழுதியவன்.

பட்டியலில் புதுமைப்பித்தன் இருப்பது இந்த இடத்தில் கொஞ்சம் உறுத்தும். தழுவல் என்ற பெயரில் இன்னொருவன் சரக்கைத் தன் சரக்காக்குவதை அவர் விடாமல் தாக்கினார், கல்கியோடு அதற்காகவே மோதினார். பிறமொழிக் கதையை ஆள்பெயர் மாற்றி, ஊர்ப்பெயர் மாற்றிப் போட்டால் அது திருட்டு என்று கண்டுபிடிக்க ஆட்கள் இருக்கிறார்கள், ஆதாரத்துக்கு மூலநூல் இருக்கிறது. மீன் பலகையிலிருந்து எடுத்ததற்கு மூலநூல் எங்கே? அதற்கு 'மக்கள் மொழி', 'வட்டார வழக்கு', 'கவனிப்பு' என்று நல்ல பெயர்கள் வைத்திருக்கிறோம். எழுத்தாளனுக்குக் காது முக்கியம் என்று இளைஞர்களுக்குப் பட்டறையில் சொல்லிக்கொடுக்கிறேன். கேட்டதற்குக் காசு கொடுத்தாயா என்று இதுவரை எந்த இளைஞனும் என்னைக் கேட்டதில்லை.

குப்பத்துக்கும் புத்தகத்துக்கும் சம்பந்தமில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நொச்சிக்குப்பத்துக்கு வடக்கே அதே கடற்கரையில் அயோத்திக்குப்பம். அங்கே மீனவர் குடும்பத்தில் 1860இல் பிறந்தவர் சிங்காரவேலர். 1923இல் இந்த நாட்டின் முதல் மே தினத்தை இதே சென்னைக் கடற்கரையில் கொண்டாடியவர் என்ற அளவில் பாடப்புத்தகத்தில் இருக்கிறார். அவர் வீட்டில் இருந்த புத்தகங்கள் பத்தாயிரத்துக்கு மேல் என்பார்கள். அந்த நாளில் மயிலாப்பூர் வக்கீல்கள் வீட்டு அலமாரிகளைக் கூட்டிப் பார்த்தாலும் சட்டப் புத்தகத்தைக் கழித்தபின் எவ்வளவு தேறியிருக்குமோ. கடலோரத்தில் இப்படி ஒரு நூலகம் இருந்தது என்பது, இலக்கிய மலர்களுக்கு 'என்னைப் பாதித்த புத்தகங்கள்' எழுதும் எங்களில் பலருக்கு எட்டாமலே போயிற்று.

நெய்தல் நிலத்துக்கு உரிப்பொருள் இரங்கல் என்று இலக்கணம் வகுத்துவிட்டார்கள். அதனாலோ என்னவோ, நவீன இலக்கியத்திலும் கடலுக்குள் போனால் கனமாகத்தான் இருக்கும். தகழியின் 'செம்மீன்', அதைத் தமிழுக்குக் கொண்டுவந்த சுந்தர ராமசாமி, வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' எல்லாமே மேலான எழுத்து. அவற்றைப் படித்துவிட்டு லூப் ரோட்டுக்குப் போனால், அங்கே நாளெல்லாம் கேட்கிற கிண்டல் எந்த நாவலிலிருந்தும் வரவில்லை என்பது தெரியும். பேரம் பேசுகிறவனை அவர்கள் செய்கிற கேலியைப் பேராசிரியரின் எந்த வகையில் சேர்ப்பது? தன்னை எள்ளுகிறவன் முன்னால் தான் சிரிப்பது, அந்தச் சிரிப்பிலேயே அவனை எள்ளிவிடுவது. உரையில் இதற்குத் தனி இடம் இல்லை.

ஊர்ப்பெயரையும் சொல்லிவிடுகிறேன். நொச்சி ஒரு செடி. ஜலதோஷத்துக்கு ஆவி பிடிக்க நாம் பறிக்கிற அதே இலை. பழைய புறப்பொருள் இலக்கணத்தில் நொச்சிக்கு வேறு வேலை. எதிரி வந்து மதிலை வளைத்துக்கொண்டால், உள்ளே நின்று மதிலைக் காப்பவர்கள் சூடும் பூ அது. இந்தக் குப்பத்துக்குப் பெயர் வைத்தவர்கள் புறப்பொருள் வெண்பாமாலை படித்துவிட்டு வைத்திருக்க மாட்டார்கள். செடி முளைத்திருக்கும், அவ்வளவுதான்.

வோட்ஹவுஸ் கதையில் எங்களுக்குப் பிடிக்காத அத்தியாயம் ஒன்று உண்டு. லெண்டிங் லைப்ரரியில் அது கிடைக்காது. 1940இல் அவர் பிரான்ஸின் கடற்கரை ஊர் ஒன்றில் இருந்தபோது ஜெர்மன் படை வந்தது. பிடித்துக்கொண்டு போய் அடைத்துவைத்தார்கள். 1941இல் விடுவித்து, பெர்லின் வானொலியில் பேசச் சொன்னார்கள். அவர் ஐந்து உரைகள் பேசினார். முகாம் வாழ்க்கையைப் பற்றித்தான். அவருக்கே உரிய பாணியில், மனம் நோகாமல், வேடிக்கையாக. லண்டனில் குண்டு விழுந்த வீடுகளில் இருந்தவர்களுக்கு அந்த வேடிக்கை புரியவில்லை. துரோகி என்றார்கள், சில நூலகங்கள் அவர் புத்தகத்தைத் தூக்கி வெளியே வைத்தன. அவர் கெட்டவர் இல்லை, உலகம் தெரியாதவர், அவ்வளவுதான் என்று 1945இல் ஜார்ஜ் ஆர்வெல் அவருக்காக வாதாடினார். அந்த வாதம் நின்றது. ஆனாலும் வோட்ஹவுஸ் இங்கிலாந்தில் குடியிருக்கத் திரும்பிப் போகவில்லை. 1975இல் சர் பட்டம் வந்தது, அடுத்த மாதமே இறந்துபோனார்.

கதவுக்கு வெளியே என்ன நடக்கிறது என்று பார்க்காமலே கடைசி வரை தமாஷாக இருக்க முடியும் என்பதற்கு என் குருநாதர் அத்தாட்சி. இதை எழுதுகிறபோது பெரிய நியாயவான் போலத் தோன்றுகிறது. எனவே என் கணக்கையும் எழுதிவிட வேண்டும்.

1985 மே மாதத்தில் மூர் மார்க்கெட் எரிந்தது. நான் கல்லூரியில் இருந்தேன். பழைய புத்தகத்துக்கு அதுதான் எங்களுக்குக் காசி. ஒரு ரூபாய்க்கு வோட்ஹவுஸ், எட்டணாவுக்குத் தேவன் கதை கிழித்துத் தைத்த தொகுப்பு. தகவல் வந்ததும் பஸ் பிடித்துப் போய்ச் சாம்பலைப் பார்த்துவிட்டு வந்தேன். அந்த இடத்தில் இன்று சென்ட்ரலின் புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. மூர் மார்க்கெட்டைப் பற்றி இதுவரை நான்கு கட்டுரை எழுதியிருக்கிறேன். நாலிலும் கடைசிப் பாராவில் தொண்டை அடைக்கும். என் வயசு எழுத்தாளர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒன்றாவது எழுதியிருப்பார்கள். தமிழில் அது ஒரு தனி இலக்கிய வகை.

அதே 1985இன் கடைசியில், மெரினாவை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் மணலிலிருந்து அப்புறப்படுத்த அரசு இறங்கியது. குப்பங்கள் எதிர்த்து நின்றன. போலீஸ் சுட்டது. மீனவர்கள் செத்துப்போனார்கள். மந்தைவெளியிலிருந்து அந்த மணல் எத்தனை தூரம்? மூர் மார்க்கெட்டுக்குப் போன பஸ்ஸுக்கு ஆன காசில் கால்பங்கு ஆகியிருக்காது. நான் போகவில்லை. போகாதது பெரிய குற்றம் என்று சொல்லவில்லை. கல்லூரிப் பையன், வீட்டில் விட்டிருக்க மாட்டார்கள். அதற்குப்பின் எழுத்தாளன் ஆகி முப்பது வருடத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறேனா என்று பழைய கோப்புகளைப் புரட்டினேன். மெரினா பதினோரு இடத்தில் வருகிறது. சுண்டல், பலூன் சுடுதல், காதலர்கள், கண்ணகி சிலை. சுடுதல் என்ற சொல்லுக்கு என் எழுத்தில் பலூன்தான்.

இதையெல்லாம் நான் வீட்டில் உட்கார்ந்து யோசிக்கவில்லை. யோசிக்கவைத்தது மீன் வாங்கப் போன இடம்.

சாலையோரக் கடை இப்போது இல்லை. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்து, 2023 ஏப்ரலில் அகற்றும் வேலை தொடங்கியபோது சாலை மறியல் வரை போனது. பிறகு மாநகராட்சி அங்கேயே நவீன மீன் அங்காடி கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். 366 கடைகள், எண் போட்டு, வரிசையாக. குடை இல்லை, கூரை இருக்கிறது. நெத்திலி அம்மாவைத் தேடினேன். அவர் முகச் சாயலில் ஒரு பெண் கடம்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அம்மாவா? போய் நாலு வருசம் ஆவுது சார். நீ வாடிக்கையா?"

ஆமாம் என்றேன். உங்க அம்மா ரொம்பத் தமாஷாப் பேசுவாங்க என்றேன்.

அவர் கையை நிறுத்திவிட்டு என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். "எங்கம்மாவா? வூட்ல பல்லு தெரிய சிரிச்சு நான் பாத்ததே இல்ல சார். எதுனா கேட்டா எரிஞ்சு வுழும். கடைக்கு வந்து குந்தினா மட்டும்தான் அந்தப் பேச்சு. பேசலைனா எவன் நிப்பான்? அதும் தொழிலுதானே."

என் மனைவியைக் கேட்டிருந்தால் என்னைப் பற்றி இதையேதான் சொல்லியிருப்பாள். சொல் மாறாமல் சொல்லியிருப்பாள். முப்பது வருடத்தில் என் தொழிலை இவ்வளவு சுருக்கமாக எந்த விமர்சகரும் சொன்னதில்லை. இருபது வருடத்துக்கு முன்பு நான் ஒரு பாமரப் பெண்ணின் இயல்பான நகைச்சுவையைக் கேட்டதாக நினைத்தேன். கேட்டது ஒரு சக தொழிலாளியின் வேலையை. நாளைக்கு நூறு பேரிடம் அதைச் சொல்லி, சிரித்தவன் வாங்குவான், வாங்கியவன் திரும்பி வருவான் என்று கணக்குப் பார்த்துத் தீட்டிய வாக்கியம் அது. என் முந்நூறு ரூபாய் வாக்கியங்களைவிடக் கூடுதல் தடவை திருத்தப்பட்டிருக்கும்.

நெத்திலியைக் கூறு கட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "நான் வயித்துல இருக்கசொல்ல, எண்பத்தஞ்சுல, மரத்தையும் வலையையும் வண்டில ஏத்தினு போனாங்களே, அப்ப எங்கம்மா வலைமேல போய்ப் படுத்துக்கிச்சாம். 'என்னியும் சேத்து ஏத்து, எனக்கும் சவாரி போயி நாளாச்சு'ன்னுச்சாம். ஆயா சொல்லும்." அப்புறம், "கருவேப்பில வேணுமா சார்?" என்றார்.

வேண்டாம் என்றேன். நூறு ரூபாய் கொடுத்தேன். அதற்கு மேல் கொடுக்க வேண்டியதை எப்படிக் கொடுப்பது, எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை. அங்காடியைவிட்டு வெளியே வந்தால் மணலில் ஃபைபர் படகுகள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றில் மூன்று பேர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். விடிவதற்கு வெகு முன்னால் கடலுக்குப் போய்த் திரும்பியவர்கள். என்ஜினுக்கு ஊற்றிய எண்ணெய்க் காசுக்காவது பாடு கிடைத்ததா என்பது அவர்கள் பேச்சில் தெரியவில்லை. ஒருவர் மற்றவரைக் கேலி செய்தார், மூன்றாமவர் சிரித்தார்.

என் ஒன்பது பெயரில் ஜெரோம் கே. ஜெரோம் இல்லை. மறந்துபோனதால் இல்லை. 1889இல் வந்த அவருடைய 'படகில் மூவர்' எனக்கு நகைச்சுவையில் அரிச்சுவடி. தேம்ஸ் நதிக்குப் பயண வழிகாட்டி எழுதப் போய், வேடிக்கை முந்திக்கொண்டு நிறைந்துவிட்ட புத்தகம். வேலை செய்து களைத்துவிட்டதாகக் கற்பனை செய்துகொள்ளும் மூன்று பேர், ஒரு நாய், திறக்க முடியாத ஒரு அன்னாசி டின். பதினெட்டு வயதில் தரையில் உருண்டு சிரித்திருக்கிறேன். நொச்சிக்குப்பத்துக்கு வாடிக்கையாகப் போக ஆரம்பித்தபின், படகில் மூன்று பேர் என்றால் எனக்கு வேறு மூன்று பேர் ஞாபகத்துக்கு வர ஆரம்பித்தார்கள். அந்தத் தலைப்பைப் பார்த்துச் சிரிக்கக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பட்டியலில் வேண்டுமென்றேதான் விட்டேன். அந்த அளவுக்காவது மனசாட்சி இருக்கிறதே என்று உள்ளூரச் சந்தோஷமும் பட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து நெத்திலியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, பத்தாவது கட்டத்தை நிரப்பினேன். தலைப்பு: லூப் ரோடு, நொச்சிக்குப்பம். பதிப்பகம்: இல்லை. விலை: கூறு நூறு ரூபாய். கீழே நான்கு வரியில் நெத்திலி அம்மாவின் வாக்கியத்தையும் கத்தரிக்காய்க் கதையையும் எழுதி அனுப்பினேன்.

மறுநாள் காலை உதவி ஆசிரியர் போன் செய்தார். மரியாதையான பையன். "சார், சூப்பரா இருக்கு சார். செம ஜாலி. ஆனா இது புத்தகக் காட்சி ஸ்பெஷல் சார். ஒவ்வொண்ணுக்கும் ஸ்டால் நம்பர் போடறோம். ஸ்டால் நம்பர் இருந்தாத்தான் வாசகர் தேடிப் போய் வாங்குவாங்க."

ஸ்டால் நம்பர் இருக்கிறது. 366இல் ஒன்று. அந்த மீன்காரப் பெண்ணின் தலைக்கு மேலே பெயிண்டில் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். சொல்ல வாயெடுத்தேன்.

"நாலு மணிக்கு ஃபாரம் முடிக்கணும் சார்" என்றார்.

ஜெரோமைப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.